திருகோணமலையில் ஓர் ஓடாத கார்

வெளிநாடு போகிறவர்கள் திரும்பி வரும்போது பெட்டியை நிறைத்துக்கொண்டு வருவார்கள். நான் போகும்போதே நிறைத்துக்கொண்டு போனேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு டேபிள்டாப் கிரைண்டர். கோயம்புத்தூர்க்காரி வேறு எதைக் கொண்டுபோவாள்? கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் அதன் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்றார். மாவாட்டுகிற கல் என்றேன். எங்கள் நாட்டில் கல்லே கிடைக்காதா என்று கேட்டார். கிடைக்கும், ஆனால் இந்தக் கல் மாதிரி ஆட்டாது என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டு வழி விட்டார்.

கிரைண்டர் மங்களத்துக்கு. சண்டைக் காலத்தில் அகதியாக வந்து எங்கள் ஊரில் இருந்தவள். என் கடையில்தான் கணக்கெழுதினாள். என் கடை என்றால் தண்ணீர் மோட்டார் கடை. விற்பதோடு சரி என்றில்லாமல், கிணற்றில் இறக்கிய மோட்டார் ஓடவில்லை என்றால் நானே போய் நின்று பழுது பார்ப்பேன். இடையில் வந்த ஓர் அமைதிக் காலத்தில் மங்களம் ஊர் திரும்பி, துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை பார்த்த தருமலிங்கத்தைக் கட்டிக்கொண்டாள். வா அக்கா, வா அக்கா என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டாள். நான் நாளை, மறுநாள் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில், அவருக்குப் பாரிசவாதம் அடித்துவிட்டது என்று போனில் அழுதாள். அதற்கு மேல் கடையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை திருகோணமலை போய்ச் சேர்ந்தேன். மங்களத்தின் வீடு துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வாசலில் நின்றால் எதிர் வீடுகளுக்கு நடுவே ஒரு துண்டு கடல் தெரியும். கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது தெருவில் இரண்டு புள்ளிமான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் மாடு பார்க்கிற வேலையை இங்கே மான் பார்க்கிறது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அவற்றைத் திட்டினார். நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தருமு அண்ணன் விறாந்தையில் கைப்பிடி வைத்த கதிரையில் உட்கார்ந்திருந்தார். கதிரை என்றால் நாற்காலி. வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். ஓம். நாம் ஆமாம் என்பதை அவர்கள் ஓம் என்பார்கள்.

"பயணம் சுகமோ எண்டு கேக்கிறார்" என்றாள் மங்களம். அவர் ஓம் என்றார்.

அவருக்கு எல்லாம் விளங்குகிறது, புத்தியில் ஒரு குறையும் இல்லை, வாயில் வருவது மட்டும் அந்த ஒரு சொல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தேநீர் வேண்டுமா என்றால் ஓம். போதுமா என்றாலும் ஓம். வெயில் சுடுகிறதா, உள்ளே போகலாமா, இங்கேயே இருக்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் ஓம். வீட்டார் முதலில் குழம்பியிருக்கிறார்கள். பிறகு, கேட்பதையும் தாங்களே கேட்டுப் பதிலையும் தாங்களே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டில் கணவாய்க் கறி. வாழ்க்கையில் முதல்முறை. மோட்டாருக்குப் போடும் ரப்பர் வாஷர் போல இருக்கும் என்று பயந்தேன். இல்லை, அத்தனை ருசி. எங்கள் ஊரில் ரசம் வருகிற இடத்தில் இங்கே தேங்காய்ப்பாலில் செய்த சொதி வந்தது. நான் மூன்றாவது முறையாகச் சோறு வாங்கும்போது மங்களத்தின் தம்பி சிவா வந்தான். அவன் வந்த பிறகுதான் இந்த வீட்டில் நடக்கிற விஷயம் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். பேச்சுக்கும் கைகால்களுக்கும் அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். சேர்த்துக்கொண்டால் மாதக்கணக்கில், வாரத்தில் பாதி நாள் போய்வர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை. முதல் முறை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஒரு வளைவில் சரிந்து காலடியில் விழுந்துவிட்டார். இரண்டாம் முறை மறுபடி ஆட்டோ வந்தபோது, ஏறுவோமா என்று கேட்டதற்கு ஓம் என்றுதான் சொன்னார். ஆனால் நல்ல காலைப் படியில் ஊன்றி விறைத்துக்கொண்டார். நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லையாம். இந்த முறையும் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆரம்ப மாதங்களில் கொடுக்கிற பயிற்சிதான் பலன் தரும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டு முற்றத்தில் அண்ணனுடைய கார் நிற்கிறது. பழைய ஜப்பான் கார். கதவு அகலம், இருக்கை தாழ்வு, அவரை உட்காரவைக்க அதைவிட வசதி வேறில்லை. ஆனால் அவர் படுத்த நாளிலிருந்து அது ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தும் ஆகவில்லை. தெருவில் அலைகிற மான் ஒன்று அதன் நிழலில்தான் மத்தியானத்தில் படுத்துக்கொள்கிறது.

"ஓடாத காரை வித்தா ஓடுற கார் வாடகைக்குப் பிடிக்கலாம்" என்றான் சிவா. "புதன்கிழமை பின்னேரம் ஒராள் வந்து இழுத்துக்கொண்டு போவார். அத்தானிட்டயும் கேட்டனான். ஓம் எண்டவர்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அக்காவுக்காக ஓடியாடித் திரிகிற பையன். ஆனால் வாடகைக் கார் எத்தனை நாளைக்கு? மங்களம் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கணவாய் வைத்தாள். அவள் என் கடையில் இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். மனதுக்குப் பிடிக்காத விஷயம் என்றால் அவள் பரிமாற ஆரம்பித்துவிடுவாள்.

ஓடாத மோட்டார் இருக்கிற வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. கை கழுவிவிட்டு நேரே முற்றத்துக்குப் போனேன். கார் எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த இயந்திரமாக இருந்தாலும், கீழே இருப்பதை மேலே கொண்டுவர உள்ளே ஒரு பம்ப் இருந்தே தீரும். சாவியைத் திருப்பச் சொன்னேன். என்ஜின் நன்றாகச் சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. அப்படியானால் பேட்டரி குற்றமில்லை. பின் இருக்கையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றேன். எங்கள் வீட்டுக் காரில் சாவியைத் திருப்பியதும் பின்னால் வண்டு பறப்பது போல ஒரு சின்ன ரீங்காரம் கேட்கும். டேங்குக்குள் கிடக்கிற பெட்ரோல் பம்பின் சத்தம் அது. இங்கே சத்தமே இல்லை.

"பெட்ரோல் மேலே வரவில்லை. பம்ப் தூங்குகிறது" என்றேன்.

விறாந்தையிலிருந்து தருமு அண்ணன், ஓம் ஓம் என்று இரண்டு தடவை சொன்னார். இடது கையால் கதிரையின் பக்கத்தைத் தட்டினார். மங்களம் உள்ளே போய் அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அவரும் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, இடியப்பமும் சம்பலும் வயிற்றில் இறங்கிய கையோடு நசீர் வந்தார். கிண்ணியாக்காரர். நகரத்தில் கராஜ் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவர் போலவே தெரியாது என்று சொல்லி எடுத்த எடுப்பிலேயே என் மனதில் இடம் பிடித்துவிட்டார். காரிடம் போவதற்கு முன்பே அவர் விறாந்தைக்கு வந்து, அண்ணனைக் குசலம் விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, வண்டில கள்ளச் சுவிச் என்னவும் வெச்சிரிக்கீங்களா?"

"ஓம்."

"எங்கன வெச்சிரிக்கு?"

"ஓம்."

மங்களம் சிரித்துவிட்டாள். "அவர் எல்லாத்துக்கும் ஓம்தான் நசீர். அப்பிடி ஒண்டும் இல்லை. இருந்தா எனக்குத் தெரியாதே?"

அது என்ன சுவிட்ச் என்று நான் கேட்டேன். நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் கார்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனவாம். டேங்க் நிறைந்த காரைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்ற பயத்தில், பம்புக்குக் கரண்ட் போகிற வயரில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டார்கள். அதை அணைத்துவிட்டால் சாவி இருந்தாலும் கார் நகராது. அதனால் இந்த ஊரில் மெக்கானிக் வந்ததும் கேட்கிற முதல் கேள்வியே இதுதான் என்றார் நசீர். நல்ல யோசனைதான் என்று நானும் தலையாட்டினேன். அதோடு அந்தப் பேச்சை எல்லோரும் விட்டுவிட்டோம்.

நசீர் முறையாக வேலை பார்க்கிற ஆள். ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயை, ஹாரனின் ரிலே இருந்த இடத்தில் மாற்றிப் போட்டு ஹாரனை அமுக்கினார். அலறியது. மான் எழுந்து ஓடியது. ரிலேயும் சரி. பின் இருக்கையைத் தூக்கி டேங்கின் மூடியைத் திறந்ததும் ஒரு நெடி வந்தது. பெட்ரோல் நெடி இல்லை, பழைய பெயின்ட் டப்பாவின் நெடி. மாதக்கணக்கில் நின்றதில் பெட்ரோல் கெட்டு, பம்பின் அடிச் சல்லடையில் கோந்து மாதிரி ஒட்டியிருந்தது. பம்பை வெளியே எடுத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். அசையவில்லை. நான் வாங்கி லேசாகத் தட்டிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை.

"பம்ப் மவுத்தாகிட்டு அக்கா" என்றார் நசீர். இறந்துவிட்டது என்று அர்த்தம். கிண்ணியாவில் பாவித்த சாமான், அதாவது பழைய சாமான், விற்கிற கடையில் இதே பம்ப் இருக்கும் என்றார். நானும் வருகிறேன் என்றேன். வெயில், தூரம், வேண்டாம் அக்கா என்று மங்களம் தடுத்தாள். பம்ப் வாங்க ஒருவரை அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்காருவதா? நசீர் மோட்டார் சைக்கிளில் முன்னே போனார். நான் பஸ்ஸில் போனேன்.

பஸ்ஸில் ஒரே பாட்டு, ஒரே கூட்டம். துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பாதையில், காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள், நம் ஊர் டேங்குகள்தான், யானை யானையாக நிற்பதைப் பக்கத்துச் சீட்டுப் பெண் காட்டினாள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவையாம். ஊரைச் சுற்றி இத்தனை தாங்கி, வீட்டில் கிடக்கிற ஒரு காருக்கு ஒரு சொட்டு ஏறவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கடையில் பம்புகளை மீன் மாதிரி கூறுபோட்டு வைத்திருந்தார்கள். நசீர் ஒன்றை எடுத்தார். நான் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டையும் அங்கேயே பேட்டரியில் மாட்டி, வாளிப் பெட்ரோலில் வைத்து ஓடவிட்டோம். நசீர் எடுத்ததே நன்றாக இறைத்தது. அதையே எடுத்துக்கொண்டோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

திரும்பும்போது எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியதும் பஸ் இருமியது, முக்கியது, நின்றுவிட்டது. யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிக் காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றார்கள். ஒரு பெண்மணி பையிலிருந்து இறால் வடை எடுத்துப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் நீட்டினார். எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

டிரைவர் என்ஜினைத் திறந்து கையால் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று வடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். "உள்ளுக்க காத்துப் பிடிச்சிட்டு. நுரை நிக்கிற மட்டும் அடி, இடையில விட்டிராத எண்டு சொல்றார்" என்றார். டீசல் குழாயில் காற்று அடைத்தால் எங்கள் ஊர் ஆயில் என்ஜினுக்கும் அதே வைத்தியம்தான். டிரைவரின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது, பஸ் கிளம்பியது. வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்குத் தெம்பு கூடியிருந்தது. நாளைக்கு இந்த நேரம் கார் ஓடும் என்று மங்களத்திடம் அடித்துச் சொன்னேன்.

அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. புதன்கிழமை காலை நசீர் டேங்கைக் கழுவினார், வடிகட்டியை மாற்றினார், பக்கத்து வீட்டுக்காரர் படகுக்கு வைத்திருந்த புதுப் பெட்ரோலை ஊற்றினார், பம்பைப் பொருத்தினார். மங்களம் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். நான் பின்னால் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

நசீர் சிறிய விளக்கு கட்டிய கம்பியால் பம்பின் வயரைத் தொட்டுப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. பம்ப் செத்திருந்ததைப் பார்த்ததும் வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவே தோன்றவில்லை என்றார். எனக்கும்தான் தோன்றவில்லை. ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொரு பழுது ஒளிந்திருந்தால் எல்லோரும் ஏமாறுவோம். நடுவில் எங்கேயோ எலி வயரைக் கடித்திருக்கும் என்றார். நேராக ஒரு வயரை இழுத்துக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"நான் செய்ய மாட்டன் அக்கா. அப்பிடிச் செஞ்ச வேன் ஒண்டு அடிபட்டு எரிஞ்சத நான் கண்ட. எஞ்சின் நிண்டும் பம்ப் நிக்கல்ல. நோயாளி போற வண்டி இது."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை உரித்து வயரைத் தேட வேண்டும், நாளைக்கு ஒரு நாள் முழுக்க ஆகும் என்றார் நசீர். நாளைக்குத்தான் வியாழக்கிழமை. அவர் மதியம் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். சிவா கடிகாரத்தைப் பார்த்தான். கார் வாங்க வருகிறவர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியவில்லை. தயிரைக் கிண்ணத்தில் எடுத்துப் பாணி என்கிற இனிப்புப் பாகை ஊற்றிக்கொண்டு விறாந்தையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். மங்களம் மனம் கேட்காமல் காரில் உட்கார்ந்து மறுபடி சாவியைத் திருப்பினாள். அப்போது பார்த்தேன். அண்ணனின் இடது கை கதிரையின் பக்கவாட்டில் கீழே இறங்கியது. தட்டவில்லை. விரலால் எதையோ தேடி அமுக்கியது. வாய் ஓம் என்றது.

என் கிண்ணத்தை ஒரு பக்கம் வைத்தேன். மங்களத்தைக் கூப்பிட்டு அவருக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். கேட்டாள். ஓம் என்றார். கை மடியிலேயே கிடந்தது. ஃபேன் போடவா என்று கேட்கச் சொன்னேன். ஓம். கை அசையவில்லை. இப்போது போய்ச் சாவியைத் திருப்பு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்த் திருப்பினாள். கை நேராகக் கீழே இறங்கி, அதே இடத்தில் அமுக்கியது. மோட்டாரில் எந்த வயரைத் தொட்டால் எது ஓடுகிறது என்று பார்க்கிற சோதனைதான். சோதனை முடிந்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து இந்த மனிதர் கத்திக்கொண்டிருக்கிறார், நாங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

"அண்ணா, நசீர் கேட்டாரே, அந்தச் சுவிட்ச், இருக்கிறதா?"

"ஓம்" என்றார். கை கீழே போய் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கார் வாங்குகிறவர் வந்து சேர்ந்தார். இழுத்துப் போக ஒரு வேனும் கயிறும் கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே நசீரும் வந்தார். யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. அண்ணனை டிரைவர் சீட்டில் உட்காரவைக்க வேண்டும், பிடியுங்கள் என்றேன். ஆட்டோவில் ஏற்ற முடியாமல் நான்கு பேர் தோற்ற கதையைச் சிவா நினைவுபடுத்தினான். நான் கேட்கவில்லை. சிவா ஒரு பக்கம், நசீர் ஒரு பக்கம், கார் வாங்க வந்தவரே கால்களைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் விறைக்கவில்லை. கதவு திறந்ததும் தானே தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு இடது கை ஹேண்ட்பிரேக் பக்கம் போனது. இருக்கைக்கும் அதற்கும் நடுவில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்தது. டிக் என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் கேட்டோம். மங்களம் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். பின்னால் வண்டு பறக்கிற ரீங்காரம் எழுந்தது.

"ஓம்" என்றார் தருமு அண்ணன்.

முதல் தடவை என்ஜின் பற்றவில்லை. குழாயெல்லாம் காலியாகக் கிடந்ததே, பெட்ரோல் போய்ச் சேர வேண்டாமா. இரண்டாம் தடவை இருமியது. விடாதே, விடாதே என்று பஸ் கண்டக்டர் மாதிரி நான் சத்தம் போட்டேன். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி முற்றத்தை மறைத்தது. நசீர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கேட்டனே ஐயா" என்றார். "நீங்களும் சொன்னீங்களே."

மங்களத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெட்ரோல் வரிசையில் நின்ற நாட்களில் நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இவர் காருக்குள் குனிந்து கிடப்பார், தூங்குகிறார் என்று நினைத்தேன் என்றாள். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் தினமும் காரை நிறுத்தியதும் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குகிற பழக்கம் அவரை விடவில்லை. படுத்த நாளுக்கு முந்தின மாலையும் அணைத்திருக்கிறார். அது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவரின் பேச்சை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வாங்க வந்தவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். ஓடுகிற கார் என்றால் இன்னும் நல்லது, விலையையும் கூட்டித் தரலாம் என்று சிவாவிடம் சொன்னார். சிவா அக்காவைப் பார்த்தான். வந்தவர் மரியாதையான ஆள். நேரே ஜன்னலருகில் குனிந்து உரியவரிடமே கேட்டார்.

"ஐயா, காரை விக்கிறதெண்டு முடிவுதானே?"

"ஓம்" என்றார் தருமு அண்ணன்.

அவருடைய இடது கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. மங்களம் அந்தக் கையைப் பார்த்தாள். பரிமாற அங்கே ஒன்றும் இல்லாததால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லை எண்டு சொல்றார்" என்றாள்.

வந்தவர் சரி என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமை காலை சிவா காரை ஓட்டினான். அண்ணன் முன்னால் உட்கார்ந்தார். அவர் அமுக்கிய பிறகே சாவி திரும்பியது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது, அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பின்சீட்டில் இருந்த எனக்குப் பம்பின் சத்தம் நன்றாகக் கேட்டது. ஊருக்குப் போனதும் இந்தக் காருக்கு நல்ல வடிகட்டி ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் நர்ஸ் பேனாவும் காகிதமுமாக வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். வலி இருக்கிறதா என்று கேட்டாள். ஓம். தூக்கம் வருகிறதா? ஓம். அவள் ஓம், ஓம் என்று எழுதிக்கொண்டே போனாள். மங்களம் எழுந்து போய் அந்தப் பேனாவின் மேல் மெல்லக் கையை வைத்தாள்.

"மிஸ், வாயைப் பாத்து எழுதாதேங்கோ. கையைப் பாத்து எழுதுங்கோ."